உணவியல் துறையை மூடாதீர்கள்: ஒரு மருத்துவமனையின் நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

நிர்வாகக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் மருத்துவமனையின் உணவியல் துறையில் எஞ்சியிருக்கும் இரண்டு பணியிடங்களும் வரும் நிதியாண்டு முதல் நீக்கப்படும் என்றும், உள்நோயாளிகளுக்கான உணவு முழுவதையும் கேட்டரிங் ஒப்பந்ததாரரே கவனித்துக்கொள்வார் என்றும், வீடு திரும்பும் நோயாளிகளுக்கு ஏற்கெனவே உள்ள ஐந்து அச்சுத்தாள்களில் பொருத்தமானதை வார்டு செவிலியர் கொடுத்துவிடலாம் என்றும் நீங்கள் வெளியிட்ட சுற்றறிக்கையைப் படித்தேன். பயிற்சிக்கு வரும் முதுகலை மாணவியரை இனி ஏற்பதில்லை என்ற ஒரு வரியும் அதன் கடைசியில் இருக்கிறது. அந்த ஐந்து தாள்களையும் எழுதியவள் நான். 1991 முதல் 2022 வரை அத்துறையில் பணியாற்றி, தலைமை உணவியல் நிபுணராக ஓய்வு பெற்றேன். என் எழுத்தையே என் துறைக்கு மாற்றாக வைக்கும் இம்முடிவை என்னால் அமைதியாக ஏற்க இயலவில்லை. மருத்துவமனையின் பெயரை இங்கே நான் குறிப்பிடவில்லை. பெற வேண்டியவர்கள் நீங்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். இதே போன்ற முடிவை எடுக்கும் நிலையில் வேறு மருத்துவமனைகளும் இருக்கக்கூடும் என்பதாலேயே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அந்தத் தாள்கள் எதற்காக எழுதப்பட்டன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீரிழிவு, சிறுநீரகம், இதயம், கல்லீரல், பொது என்று 2003ஆம் ஆண்டில் அவற்றை எழுதினோம். நோயாளியோடும் அவருக்குச் சமைத்துப் போடுபவரோடும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிய பிறகு, பேசியது மறந்துபோகாமலிருக்க வீட்டுக்கு எடுத்துச் செல்லும் நினைவுக்குறிப்பு அது. ஒவ்வொரு தாளிலும் கோடிட்ட இடங்கள் இருந்தன. பருப்பு எத்தனை கரண்டி, எண்ணெய் எத்தனை தேக்கரண்டி, தண்ணீர் எவ்வளவு என்பவை அச்சிடப்படவில்லை. அந்த நோயாளியின் எடையையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்துக் கணக்கிட்டு நாங்கள் பேனாவால் எழுதுவோம். பின்னாளில் மறுபதிப்புச் செய்தபோது, வேலை எளிதாகட்டும் என்று யாரோ அந்தக் கோடிட்ட இடங்களைப் பொதுவான எண்களால் நிரப்பிவிட்டார்கள். நீங்கள் இப்போது கையில் வைத்திருப்பவை அந்த மறுபதிப்புகள்தான்.

அவை என்ன செய்யக்கூடும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். நெசவுத் தொழில் செய்யும் ஒருவர், வயது ஐம்பத்தெட்டு, வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்தார். கால் வீக்கத்தை நீக்கிப் பார்த்தால் உடம்பில் சதையே இல்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த என்னுடைய சிறுநீரகத் தாளை எடுத்து நீட்டினார். பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றைக் குறைக்கச் சொன்ன தாள் அது. அது கொடுக்கப்பட்ட நாளில் அந்த அறிவுரை சரியானது. அப்போது அவருக்கு டயாலிசிஸ் தொடங்கியிருக்கவில்லை, புரதத்தைக் குறைத்துச் சிறுநீரகத்தின் சுமையைத் தணிக்க வேண்டியிருந்தது. டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஒவ்வொரு முறை ரத்தம் சுத்திகரிக்கப்படும்போதும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சேர்ந்து வெளியேறுவதால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் நாள்தோறும் தேவை என்பது நடைமுறையில் உள்ள வழிகாட்டுதல். 52 கிலோ எடையுள்ள அவருக்கு அது 52 முதல் 62 கிராம். அவர் உண்டது ஏறத்தாழ அதில் பாதி. தாள் மாறவில்லை, நோயாளி மாறிவிட்டார். ஒன்றரை ஆண்டாக அதை யாரும் கவனிக்கவில்லை. அதற்கும் மேலாக, உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் அவருடைய மகன் அக்கறையோடு கடையிலிருந்து ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்கிக் கொடுத்திருந்தார். அவ்வகை உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்க்கப்படுவது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகக்கூடும். சமையலறையில் என்ன உப்பு இருக்கிறது என்று கேட்க ஓர் ஆள் இருந்ததால்தான் அது தெரியவந்தது. கீரையையும் காய்கறியையும் பொடியாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும் என்று அவருடைய மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தோம். முட்டையின் வெள்ளைக்கருவும் மீனும் அவர் தட்டுக்குத் திரும்பி வந்தன.

கல்லீரல் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் அதை எழுதிய காலத்தில், கல்லீரல் சுருக்க நோயாளிக்கு மயக்கம் வந்துவிடும் என்ற அச்சத்தில் புரதத்தைக் குறைப்பது பரவலான வழக்கம். அக்கருத்து இன்று கைவிடப்பட்டுவிட்டது. 2019இல் வெளியான ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கத்தின் ஊட்டச்சத்து வழிகாட்டுதல், அத்தகைய நோயாளிக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்கிறது. இரவு நெடுநேரம் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது என்பதால் படுக்கும் முன் ஒரு சிற்றுணவும் தரச் சொல்கிறது. நாங்கள் பேனாவால் அடித்துத் திருத்திக்கொண்டே வந்தோம், அச்சுப் பிரதி திருத்தப்படவில்லை. நான் எழுதியதுதான் என்றாலும், அந்தத் தாளை ஒரு நோயாளியின் கையில் இன்று கொடுப்பது தவறு என்பதை இம்மடலின் வழியே எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கிறேன். எடையையும் உயரத்தையும் உள்ளிட்டால் உணவுப் பட்டியல் தரும் செயலி ஒன்றைப் பிற்பாடு வாங்கலாம் என்றும் உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொண்ட நோயாளி எடைக்கருவியில் ஏறி நின்றால் அது காட்டும் எண்ணில் எத்தனை கிலோ நீர், எத்தனை கிலோ மனிதர் என்பதைக் கையின் நடுப்பகுதியை அளந்தும், தோள்பட்டையையும் கன்னத்துக் குழியையும் பார்த்தும், பழைய சட்டை எவ்வளவு தொளதொளவென்று ஆகிவிட்டது என்று கேட்டும்தான் நாங்கள் மதிப்பிடுகிறோம்.

ஒரே மனிதருக்கு ஒரே நோய் என்ற எண்ணத்தில்தான் ஐந்து தாள்கள் போதும் என்று தோன்றுகிறது. நீண்டகால நீரிழிவில் சிறுநீரகமும் இதயமும் சேர்ந்தே பாதிக்கப்பட்டவர்கள்தான் மருத்துவப் பிரிவு வார்டில் எத்தனையோ பேர். அப்படிப்பட்ட ஒருவரின் மனைவி மூன்று தாள்களையும் என் மேசைமேல் விரித்து வைத்து, “இந்தத் தாள் சுண்டலும் கீரையும் நிறையச் சாப்பிடச் சொல்லுது, இந்தத் தாள் வேண்டாங்குது. நான் எதைத்தான் மேடம் சமைக்கிறது?” என்று கேட்டார். விடை தெரியாமல் மூன்று வாரமாகக் கணவருக்கு ரசம் சோறும் பிரெட்டும் மட்டும் கொடுத்து வந்திருந்தார். அவரிடம் அன்பில் குறைவில்லை, கவனத்திலும் குறைவில்லை. முரண்படும் மூன்று அறிவுரைகளை ஒரு தட்டில் இணைத்துத் தருவது அவர் வேலையன்று. பதினாறு படுக்கைகளுக்கு மருந்தும் ஊசியும் கொடுத்துக்கொண்டு நிற்கும் செவிலியரின் வேலையும் அன்று. இதய வால்வு மாற்றப்பட்டு, ரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்களிடம் கீரையைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பிவிடுவதும் இப்படித்தான் நேர்கிறது. கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மை. வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்காமல் சீராக உண்டால், மருத்துவர் அதற்கேற்ப மருந்தின் அளவை நிலைநிறுத்திக்கொள்ள முடியும் என்பதும் உண்மைதான். இந்த இரண்டாவது உண்மையைச் சொல்லக் கால் மணி நேரம் பிடிக்கும், கேட்பவருக்குப் புரிந்ததா என்று பார்க்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது, பயிற்சி மாணவியரை ஏற்பதில்லை என்ற உங்கள் கடைசி வரிக்கான என் பதில்.

2016இல் உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு அறுபது வயதை ஒட்டிய ஒருவர் அனுமதிக்கப்பட்டார். பல வாரங்களாகத் திட உணவே இறங்கவில்லை. கடைசிப் பத்து நாள் வெந்நீரும் ஓரிரு மடக்கு பாலும்தான். எடை 36 கிலோ. மாலையில் மூக்கு வழியே ரைல்ஸ் டியூப் போடப்பட்டது. மறுநாள் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மி.லி. சத்துணவுக் கரைசல் கொடுக்குமாறு கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருந்தது. பட்டினி கிடந்த தகப்பனுக்கு இப்போதாவது வயிறு நிறையப் போகிறதே என்று மகன் விலை கூடிய டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். காலை ஏழு மணிக்கு வார்டுக்குப் போன எங்கள் பயிற்சி மாணவி, முதல் வேளை கொடுத்து முடிந்திருந்ததைப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: “மேடம், மில்லிக்கு ஒரு கலோரின்னா நாளைக்கு 1800 வருது. கிலோவுக்கு 50. இவர் பத்து நாளா சாப்பிடலை. பாஸ்பேட் பார்க்கலை.”

அவள் பயந்ததில் காரணம் உண்டு. நெடுநாள் பட்டினியில் உடல் தன்னுடைய கொழுப்பையும் தசையையும் கரைத்தே உயிர் வாழ்கிறது. அந்நிலையில் மாவுச்சத்து திடீரென்று வந்து சேர்ந்தால் இன்சுலின் சுரப்பு ஏறி, ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய தாது உப்புகள் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, ரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்துவிடும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசைகள் தளரும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சிறை முகாம்களிலிருந்து எலும்பும் தோலுமாக மீண்டவர்களில் சிலர், உணவு கிடைத்த பிறகு இப்படித்தான் இறந்தார்கள். இந்த ஆபத்து உள்ளவர்களுக்குக் கிலோவுக்கு 10 கலோரிக்கு மேற்படாமல் தொடங்கி, தயமின் என்னும் வைட்டமின் பி1 கொடுத்து, தாது உப்புகளைப் பார்த்துப் பார்த்து மெல்ல உயர்த்த வேண்டும் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2006இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த நோயாளிக்கு அது முதல் நாள் 360 கலோரி. எழுதப்பட்டிருந்ததோ அதைப்போல ஐந்து மடங்கு. அறுவை மருத்துவரிடம் பேசினோம். அவர் உடனே உத்தரவை மாற்றினார், ரத்தம் எடுக்கப்பட்டது, பாஸ்பேட் அப்போதே தாழ்ந்திருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு முழு அளவை எட்டினோம். அவர் சிகிச்சை பெறும் அளவுக்குத் தேறினார். அந்த மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. கட்டியை எப்படி அகற்றுவது என்பதில் அவருடைய கவனம் முழுவதும் இருந்தது, இருக்கவும் வேண்டும். குழாயில் என்ன, எவ்வளவு, எந்த வேகத்தில் போகிறது என்பதையே தன் வேலையாகக் கொண்ட ஒருவர் அந்த வார்டில் இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

இந்தத் தகுதி அந்த மாணவிக்கு ஒரு வாரச் சான்றிதழ் வகுப்பில் வரவில்லை. மூன்றாண்டு இளநிலைப் பட்டம், இரண்டாண்டு முதுகலை, அதன்பின் மருத்துவமனையில் ஆறு மாதப் பயிற்சி, அதையும் முடித்தபின் 1963இல் தொடங்கப்பட்ட இந்திய உணவியல் சங்கம் நடத்தும் தேர்வு என்று நீண்ட பாதை அது. பயிற்சியின் முதல் மாதம் எங்கள் மாணவியரைச் சமையலறையிலேயே நிறுத்திவிடுவேன். ஓர் ஆழாக்கு அரிசி வெந்தால் எத்தனை கரண்டிச் சோறு, வடித்த கஞ்சியில் என்ன போகிறது, ரேஷன் அரிசியில் பொங்கியதும் கடை அரிசியில் பொங்கியதும் எடையில் எப்படி வேறுபடுகின்றன என்று தராசில் வைத்துப் பார்க்கப் பழக்குவேன். பிறகுதான் வார்டு, கேஸ் ஷீட், ரவுண்ட்ஸ். ரத்தப் பரிசோதனை முடிவில் கிரியாட்டினினும் அல்புமினும் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. வீட்டில் யார் சமைக்கிறார்கள், ஒரு நாளைக்குச் சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவழிக்க முடியும், கூலி வேலைக்குப் போகும் நாளில் மதியம் எங்கே சாப்பிடுகிறார் என்று, பதில் சொல்பவர் மனம் புண்படாமல் கேட்கத் தெரிய வேண்டும். ஆப்பிள் வாங்க முடியாதவரிடம் கொய்யாவைச் சொல்லத் தெரிய வேண்டும். இவற்றைக் கல்லூரி வகுப்பறை கற்றுத்தராது, நோயாளியின் கட்டிலருகே நின்றுதான் கற்க முடியும். நீங்கள் மூடுவது அந்தக் கட்டிலருகே உள்ள இடத்தை. ஓராண்டுக்கு எட்டு மாணவியர் எங்களிடம் பயின்றார்கள். அவர்களுக்கு இனி இடமில்லை என்றால், முதுகலைப் பட்டம் வைத்துக்கொண்டும் ஒரு கேஸ் ஷீட்டைத் தொட்டறியாதவர்களாகத்தான் அவர்கள் வேலைக்கு வருவார்கள்.

ஒவ்வொரு குழுவின் முதல் நாளிலும் நான் குன்னூரைப் பற்றிச் சொல்வது வழக்கம். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. இந்நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நம் நீலகிரியில் வேர்விட்டது என்பதை அம்மாணவியர் பெருமையோடு கேட்டுக்கொள்வார்கள். அந்நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், நாட்டின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 விழுக்காடு தவறான உணவுமுறையால் வருவதாக மதிப்பிட்டிருக்கின்றன.

உணவு சிகிச்சைக்குத் துணை மட்டுமே என்று உங்கள் சுற்றறிக்கையில் ஒரு தொடர் இருக்கிறது. கர்ப்பகால நீரிழிவில் முதல் சிகிச்சையே உணவுதான். அது போதாதபோதுதான் இன்சுலின். கர்ப்பிணிகள் அனைவருக்கும் இந்த நீரிழிவைக் கண்டறியும் பரிசோதனையை 2007இலேயே அரசாணையாக்கிய மாநிலம் நம்முடையது. காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்க்கண்டில் 2,800 காசநோயாளிகளின் வீடுகளில் உள்ள 10,345 பேரை வைத்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. குடும்பத்தினருக்கும் மாதந்தோறும் உணவுப்பொருள் வழங்கப்பட்ட வீடுகளில், புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடும், தொற்றிப் பரவும் வகைக் காசநோய் 48 விழுக்காடும் குறைந்தன. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, அதன் விளிம்பில் இருப்பவர்கள் 13.6 கோடி என்று அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு சொல்கிறது. இவர்களுள் ஒரு பங்கினர் உங்கள் புறநோயாளர் பிரிவின் வரிசையில் நாள்தோறும் நிற்கிறார்கள்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைப் புரிந்துகொள்கிறேன். ஸ்கேன் போல, ரத்தப் பரிசோதனை போல எங்கள் துறைக்குத் தனி வரவு இல்லை. உணவு ஆலோசனை படுக்கைக் கட்டணத்துக்குள் அடங்கிவிடுவதால் கணக்கில் நாங்கள் செலவாக மட்டுமே தெரிகிறோம். கேட்டரிங் ஒப்பந்ததாரர் சுத்தமாகவும் சூடாகவும் சமைத்துத் தரக்கூடும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் உப்பில்லாக் கஞ்சியும் மென்சோறும் யாருக்கு, எதற்காக, எத்தனை நாளைக்கு என்று தீர்மானிப்பது சமையல் சார்ந்த முடிவன்று. மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியத்தின் சான்றிதழை முகப்பில் மாட்டியிருக்கிறீர்கள். ஊட்டச்சத்துச் சிகிச்சை முறையாகவும் பிற துறைகளோடு இணைந்தும் வழங்கப்பட வேண்டும் என்பது அவ்வாரியத்தின் தரநிலைகளுள் ஒன்று. நாடாளுமன்றம் 2021இல் நிறைவேற்றிய, துணை மருத்துவம் மற்றும் உடல்நலப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டமும் தன் அட்டவணையில் உணவியல் நிபுணரைத் தனித் தொழிலாகப் பட்டியலிட்டிருக்கிறது. கல்வித் தகுதியும் பதிவும் இத்தொழிலுக்குத் தேவை என்று நாடு ஒப்புக்கொண்டு சட்டம் இயற்றிய பிறகு, அப்பணியே வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்திருக்கிறீர்கள்.

உங்களிடம் நான் கேட்பவை இவை. இரண்டு பணியிடங்களையும் நீக்கும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். சிறுநீரகப் பிரிவுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் முழுநேர உணவியல் நிபுணர் ஒருவராவது தனியே இருக்க வேண்டும் என்பதால், மூன்றாவது பணியிடம் ஒன்றையும் உருவாக்குங்கள். அனுமதிக்கப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் முதல் நாளிலேயே ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கான பரிசோதனை செய்யப்பட்டு, அதன் முடிவு கேஸ் ஷீட்டில் பதியப்படுவதைக் கட்டாயமாக்குங்கள். குழாய்வழி உணவுக்கான எந்த உத்தரவும் உணவியல் நிபுணரின் கையொப்பம் இல்லாமல் செயல்படுத்தப்படக் கூடாது என்று விதி செய்யுங்கள். கேட்டரிங் ஒப்பந்தம் போடுவதாயின், சிகிச்சை உணவுகள் மீதான அதிகாரம் உணவியல் துறையிடமே இருக்கும் என்ற பிரிவை அதில் சேருங்கள். ஆறு மாதப் பயிற்சி இடங்களை வரும் கல்வியாண்டுக்கே மீண்டும் திறந்து, மாணவியருக்கு மாத உதவித்தொகையும் வழங்குங்கள். தகுதியும் பதிவும் உள்ளவர்களை மட்டுமே அப்பணிகளில் அமர்த்துங்கள்.

அந்த ஐந்து தாள்களையும் இன்றே வார்டுகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். கல்லீரல் தாள் அவற்றில் முதலாவதாக எடுக்கப்பட வேண்டும். புதியவற்றை எழுத என் உதவி தேவைப்பட்டால், ஊதியம் எதுவும் இன்றி வந்து, இப்போது அங்கே பணியிலிருக்கும் இருவரோடும் சேர்ந்து எழுதித் தருகிறேன். கோடிட்ட இடங்கள் மட்டும் கோடிட்ட இடங்களாகவே அச்சிடப்பட வேண்டும். இம்மடலுக்கான உங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை முப்பது நாட்களுக்குள் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமை உணவியல் நிபுணர்